கொட்டாவி வரும் நாள்

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மைக்ரேனுக்காக, அதாவது அந்த ஒற்றைத் தலைவலிக்காக, எடுத்த மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். ஜெர்மன் எனக்குத் தெரியாவிட்டாலும் படம் தெரியும். 26 வருஷம் அதே படங்களை எடுத்துக் கொடுத்தவன். டாக்டர் சொன்னது சரிதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் "எல்லாம் நார்மல்னா, நான் என்ன நடிக்கிறேனாப்பா?" என்று கேட்டாயே, அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

"நார்மல்தாம்மா, போங்க" என்று நானே எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்! நான் எடுத்ததெல்லாம் கட்டடத்தின் படம். சுவரில் விரிசல் உண்டா, கட்டி உண்டா என்று அதில் தெரியும். உள்ளே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது தெரியாது. அதைப் பார்ப்பது எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற இன்னொரு வகை ஸ்கேன். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் அதை இழந்த ரத்தமும் ஸ்கேன் மெஷினின் காந்தத்துக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இதை வைத்து மூளை வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று 1990-ல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. கூரைமேல் புகையைப் பார்த்து எந்த வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள் என்று சொல்வோமே, அந்தக் கதைதான். நெருப்பு கண்ணில் படாது.

அம்மாவுக்கு வலி வருமுன் "கண்ணுக்குள்ள கோலம் ஓடுது" என்பாளே, நினைவிருக்கிறதா? வேலைக்குப் பயந்து சொல்கிறாள் என்று அப்பத்தா முணுமுணுக்கும். நானும் சும்மா இருந்திருக்கிறேன். 1941-ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணில் ஓடிய அதே கோலத்தைத் தாளில் வரைந்து பார்த்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். 2001-ல் பாஸ்டனில் நூஷீன் ஹஜிகானி குழுவினர் அந்தக் கோலம் ஓடும்போதே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். கூடைப்பந்து ஆடினால் தனக்குக் கோலம் வரும் என்று தெரிந்த ஒரு ஆள் அவர்களுக்குக் கிடைத்தார்! பார்வைக்கான பகுதியில் அலை ஒன்று மெல்ல ஊர்ந்தது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3.5 மி.மீ. லாஷ்லி பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு எவ்வளவு கிட்டே போயிருக்கிறார் பார்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. அது நடந்தது நீ இருக்கும் ஹாம்பர்க்கிலேயேதான், எப்பன்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையில். ஷூல்ட்டே, மே என்ற இரண்டு டாக்டர்கள் மைக்ரேன் உள்ள ஒருவரை 30 நாள், தினமும், ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கில் கொஞ்சம் அம்மோனியா வாயுவை விட்டு அந்த எரிச்சலுக்கு மூளை எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த 30 நாளில் மூன்று முறை வலி வந்தது. மூன்று முறையும் அவர் மாத்திரை போடவில்லை. படிப்பவர்களுக்கு இது ஒரு வரி. எனக்கு அந்த மெஷினின் சத்தம் தெரியும். தலைவலிக்காரர்கள் உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் கையிலிருக்கும் பஸ்ஸரை அமுக்குவதைப் பார்த்தவன் நான். மண்டை பிளக்கும் வலியோடு, அந்த டக்-டக் சத்தத்துக்குள், தலையை ஆட்டாமல் படுத்திருந்த அந்த மனிதர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அவர் படுத்ததில் தெரிய வந்தது இதுதான்: வலி வருவதற்கு முந்தைய நாளே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி வேலை செய்யும் விதம் மாறிவிடுகிறது. பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதன் பொறுப்பு. 2016-ல் வெளியிட்டார்கள். ஒரே ஆளை வைத்துச் சொன்னதுதான். பிறகு இன்னும் சிலரிடமும் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் உன் பிளஸ் டூ பரீட்சை ஞாபகம் வந்தது. கெமிஸ்ட்ரிக்கு இரண்டு நாள் முன்னால் கொட்டாவியாக விட்டுக்கொண்டு, பிரிட்ஜைத் திறந்து திறந்து சாக்லேட் தேடினாய். மறுநாள் வலி. "கண்டதைத் தின்னா இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். சாக்லேட் வலியைக் கொண்டுவரவில்லை பாப்பா. வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் சாக்லேட் கேட்டிருக்கிறாய் போல. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கு நான் திட்டியது தப்பு.

இதைப் படித்துவிட்டு எஃப்.எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறேன் என்று கிளம்பாதே. ஒருத்தருக்கு மைக்ரேனா இல்லையா என்று அதில் பார்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும். ஒரு டைரி வை. வலி வந்த நாளை மட்டும் எழுதாமல், முந்தைய நாள் கொட்டாவி, எரிச்சல், இனிப்பு ஆசை எல்லாவற்றையும் எழுது. மாத்திரை போட்ட நாளையும் எண்ணிக்கொள். அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

அம்மா காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் கொழுந்தியா வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அப்பா