சருகை அள்ளாதீர்கள்: ஆற்றைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு வணக்கம்.

இலையுதிர்காலம் வந்தால் தூண்டில்காரர்களிடமிருந்து உங்களுக்கு ஒரே மாதிரியான மனுக்கள் வரும். ஆறு முழுக்கச் சருகு, வீசிய தூண்டில் நரம்பு ஐந்து நிமிடம் நிற்பதில்லை, கரையோர மரங்களை வெட்டுங்கள், விழுந்து கிடப்பவற்றை இழுத்துப் போடுங்கள். நானும் தூண்டில்காரன்தான். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தொல்லை பொய்யல்ல. கரையில் காய்ந்து கிடந்த சருகும் சுள்ளியும் மழையில் நீர்மட்டம் ஏறும்போது ஒட்டுமொத்தமாகக் கிளம்பி வரும். மேலே மிதப்பதைக் கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். ஊறிக் கனத்து நடுநீரில் புரண்டு வரும் இலைகள்தாம் பொல்லாதவை. ஒவ்வொன்றாக நரம்பில் தொற்றி ஒரு கைப்பிடி சேர்ந்ததும் நீரோட்டம் இழுக்கத் தொடங்கும். ஈயக்குண்டு இடம் பெயரும். கோலின் நுனி வளையும். மீன் கடித்ததா, சருகு இழுத்ததா என்று தெரியாது.

ஆனால் இதற்கு மருந்து எங்கள் கையிலேயே இருக்கிறது. எல்லோரும் முதலில் குண்டின் எடையைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் அது வீண், ஏனென்றால் சிக்கல் நீருக்குள் கிடக்கும் நரம்பின் நீளத்தில் இருக்கிறது. கோலை நிமிர்த்தி நுனியை உயர்த்தி வைத்தால் நரம்பின் பெரும்பகுதி நீருக்கு மேலே வந்துவிடும். எட்ட வீசும் ஆசையை விட்டுக் கரையோரமே போட்டால் இன்னும் குறையும். சருகு ஆறு முழுக்க ஒரே சீராகப் பரவி வருவதில்லை. வேகமான ஓட்டத்தில்தான் திரளாகப் போகிறது. வளைவில் அந்த ஓட்டம் வெளிக்கரையை ஒட்டித் திரும்பும், உட்கரைப் பக்கம் நீர் மந்தமாகவும் தெளிவாகவும் இருக்கும். தூண்டில் போடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே இது புலப்படும். மட்டம் ஏறும்போதுதான் குப்பை மிகுதி, வடியத் தொடங்கினால் குறைந்துவிடும். பெருங்கிளை மிதந்து வந்தால் மட்டும் ரீலைச் சுற்றி நரம்பை எடுத்துவிட வேண்டும். நீரில் இறங்கி நிற்பவர் கரையேறிவிட வேண்டும்.

இனி, அள்ளச் சொல்லி உங்களிடம் கேட்கப்படும் அந்தச் சருகைப் பற்றி. மரம் அடர்ந்த சிற்றாறுகளில் நீர்வாழ் உயிர்களின் முக்கிய உணவே உதிர்ந்த இலைதான். 1980-இல் ஆற்றுச் சூழலியல் ஆய்வாளர் ராபின் வான்னோட்டும் அவருடைய குழுவினரும் ஆற்றைத் தலையிலிருந்து கழிமுகம்வரை ஒரே தொடராகப் பார்க்கும் கருத்தை முன்வைத்தபோது, மேல்பகுதியில் இலையைக் கிழித்துத் தின்னும் உயிர்களுக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். விழுந்த இலையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் படர்ந்து அதை மென்மையாக்கும். அப்படிப் பதமான இலையைத்தான் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களும் இறாலைப் போன்ற சிற்றுயிர்களும் விரும்பித் தின்கின்றன. அவை சிந்தும் துணுக்குகளை உண்ணக் கீழே வேறு பூச்சிகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் தின்றுதான் மீன் வளர்கிறது. நாங்கள் பிடிக்க வரும் மீனின் தீனியை அகற்றச் சொல்லி நாங்களே மனுக் கொடுக்கிறோம்.

விழுந்த மரமும் அப்படித்தான். அது சருகைத் தடுத்து நிறுத்துகிறது, ஓட்டத்தைத் திருப்பி மடு பறிக்கிறது, வெள்ளத்தில் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் தருகிறது. பாலத்தின் தூணிலும் மதகிலும் சிக்கிய மரத்தை எடுத்தே ஆகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆட்களை அனுப்புவதானால் பிளாஸ்டிக்கையும் அறுந்த நரம்பையும் பொறுக்க அனுப்புங்கள். சருகில் சிக்கியதும் பொறுமையிழந்து அறுத்துவிடும் அந்த நரம்பு எங்களுடையது. எளிதில் மட்காத நைலான் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்கிறது. அதைப் போடக் கரையில் ஒரு மூடிய பெட்டி வையுங்கள். பொறுக்கும் வேலையில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நான் அமரும் வளைவில் சென்ற வெள்ளத்தில் சாய்ந்த மரம் ஒன்றில் வெட்டுவதற்காகச் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அருகில் பாலமும் இல்லை, மதகும் இல்லை. அதன் கிளைகளுக்கடியில் குஞ்சுகள் கூட்டமாக நிற்கின்றன. வெட்டும் முன் ஒருமுறை வந்து பாருங்கள். எந்த நாள் என்று சொன்னால் நான் கரையில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆற்றுத் தூண்டில்காரன்