அரை டிக்கெட்டுக்கு அத்தாட்சி

24.8.2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. ஒரு மாதமாவது அடுப்படிப் பக்கம் விடாதே. நீ சொன்னால் கேட்க மாட்டார்; சுப்பு சொன்னான் என்று சொல், கேட்பார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் செப்டம்பரில் காலேஜுக்குக் கிளம்புகிறான். வீடு முழுக்க அட்டைப்பெட்டி.

"ஆடாத ஆட்டத்துக்கு ஏன்டா முன்னாடியே பணம் கட்டுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். இதைப் போனில் இரண்டு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் எங்கள் ஊர் கால்பந்து கிளப் இருக்கும் லீக்கில் 24 அணிகள். ஒவ்வொன்றும் 46 ஆட்டம் ஆட வேண்டும், அதில் 23 சொந்த மைதானத்தில். சீசன் டிக்கெட் வாங்கினால் அந்த 23-க்கும் ஒரே இருக்கை உனக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்குவதைவிடப் பணம் குறைவு, அது ஒரு பக்கம். அந்த இருக்கைக்கு முன்னும் பின்னும் இருக்கிற ஆட்கள்தான் எனக்குப் பெரிது. ஆறு வருஷமாக அதே முகங்கள். யாருக்குப் பேரன் பிறந்தான், யாருக்கு இடுப்பு ஆபரேஷன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்து பல வருஷம் வேலைக்குப் போய்வந்தும் கிடைக்காத பழக்கம் எனக்கு அந்த வரிசையில்தான் கிடைத்தது.

இன்னொன்று சொன்னால் உனக்குப் பிடிக்கும். இதுவும் மில் ஊர். 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் மில்லில் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் கிளம்பிவிட்டால் மில் எப்படி ஓடும்? எல்லோருக்குமே அரை நாள் லீவு ஆகிப்போனது. மூன்று மணிக்கு ஆட்டம் வைக்கிற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது. இன்றைக்கும் சனிக்கிழமை மூன்று மணிதான். சிங்காநல்லூரில் சங்கு ஊதியதும் அப்பாமார்கள் சைக்கிளை நேராக கிரவுண்டுக்கு விடுவார்களே, அதே கதை. இங்கே சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. சின்ன ஊர் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாதே என்றுதான்.

சரி, இந்த வருஷக் கதைக்கு வருகிறேன்.

ஜூலை 27-ஆம் தேதி பெண்கள் யூரோ கோப்பை இறுதி ஆட்டம். ஸ்பெயினை பெனால்டியில் வென்று இங்கிலாந்து கோப்பையைத் தக்கவைத்தது. யாழினி கடைசி பெனால்டி வரைக்கும் உட்காரவே இல்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அப்பா, எனக்கும் ஒரு சீட்டு வேணும், உங்க பக்கத்துல" என்றாள். கேட்ட நேரமும் கூடி வந்தது. என் இடது பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. மறுநாளே பதிவு செய்தேன்.

பெரியவர்களுக்கு 395 பவுண்டு. 12 வயதுக்குக் கீழே 40 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார், ஆட்டத்துக்கு இரண்டு பவுண்டுகூட வராது. இதை வெறும் தள்ளுபடி என்று நினைக்காதே. இன்றைக்கு இரண்டு பவுண்டுக்கு உள்ளே வருகிற பிள்ளைதான் இன்னும் ஐம்பது வருஷம் மழையிலும் பனியிலும் வந்து உட்காரும். நாற்று விடுகிற மாதிரிதான் இதுவும்.

பணம் கட்டிய மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏழு நாளுக்குள் குழந்தையின் வயதுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். 14 வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் உட்காருகிறவர் பெற்றோர் அல்லது காப்பாளர் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் முழு விலையும் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். வயது கணக்கிடும் தேதி ஆகஸ்ட் 1. யாழினிக்கு ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் 12 முடிந்தது. எட்டு நாள் வித்தியாசத்தில் சீசன் முழுக்க அவள் சின்னப் பிள்ளை. அவள் வகுப்புப் பையன் ஒருவன் ஜூலை 27-இல் பிறந்தவன். இவளைவிட அரை அங்குலம் குள்ளம். அவனுக்கு 120 பவுண்டு. அவன் அம்மா ஒரு கடையில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறார். அவர் இன்னும் வாங்கவில்லை.

நான் யாழினியின் பிறப்புச் சான்றிதழை அனுப்பினேன். இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டில் பிறப்புச் சான்றிதழ் இரண்டு வகை. அவள் பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்தது குறுஞ்சான்றிதழ். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, இடம்தான் இருக்கும். அப்பா அம்மா பெயர் இருக்காது. முழுச் சான்றிதழ் பணம் கட்டி வாங்க வேண்டும். அதோடு நம் பெயர்ச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்கிற இடத்தில் அப்பா பெயர், ராமசாமி. அவளுடையதில் என் பெயர், சுப்பிரமணியன். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ராமசாமிக்கும் சுப்பிரமணியனுக்கும் எந்த உறவும் இல்லை.

வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மைதானத்து டிக்கெட் கவுன்டருக்கே போனேன். யாழினியும் கூட வந்தாள். எனக்கு முன்னால் ஒரு தாத்தா, பேரனின் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும், குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் புரிந்த மாதிரி தெரியவில்லை. உடனே யாழினி கவுன்டரில் கிடந்த பேனாவை எடுத்து, பழைய டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் எழுதினாள். மேலே தாத்தா பெயர், நடுவில் என் பெயர், கீழே அவள் பெயர். ஒவ்வொரு பெயரிலிருந்தும் கீழே இருக்கிற பெயரின் வாலுக்கு ஒரு அம்புக்குறி. அந்தப் பெண் பார்த்துவிட்டு, "அப்படியானால் உன் பிள்ளைகளுக்கு உன் பெயர் வருமா?" என்று கேட்டாள். "நான் அப்படித்தான் வைப்பேன்" என்று யாழினி சொன்னாள்.

முழுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு வாரம் அவகாசம் தருகிறேன் என்று குறித்துக்கொண்டாள். நல்ல பெண். ஆனால் அந்த மின்னஞ்சலை எழுதிய கை வேறு. அதில் 'உங்கள் மகளை வரவேற்கிறோம்' என்று ஒரு வரி இல்லை. முதல் வாக்கியத்திலேயே, பொய் சொன்னால் டிக்கெட் ரத்தாகும் என்று இருந்தது.

ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது பவுண்டு டிக்கெட்டில் நாற்பது வயது ஆள் உள்ளே போவது எல்லா மைதானத்திலும் நடக்கிறது. கிளப்புக்கு அதனால் நஷ்டம்தான். வயதைக் கேட்கட்டும், பார்க்கட்டும். அதை மரியாதையாகக் கேட்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள், பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள், சித்தப்பாவோ பாட்டியோ கூட்டி வருகிற பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் காகிதம் ஒழுங்காக இருக்காது. மைதானத்துக்குள் வர வேண்டிய பிள்ளைகளும் அவர்கள்தான்.

என் வலது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருகிறார், எழுபத்தாறு வயது. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆறு வயதில் முதல்முறை வந்தபோது டிக்கெட்டும் இல்லை, அத்தாட்சியும் இல்லை. சுழல்கம்பிக் கதவுக்கு வந்ததும் அவர் அப்பா தன் காசை மட்டும் கொடுத்துவிட்டு, இவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக் கம்பிக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கிவிடுவாராம். வாயிலில் இருந்த ஆள் கண்டுகொள்ளமாட்டார். அப்பா கூட வராத பையன்கள் வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஆட்களிடம், "என்னையும் தூக்கிவிடுங்க சார்" என்று கேட்பார்களாம். யாராவது ஒருவர் தூக்கிவிடுவார். தூக்க முடிகிற கனம் இருந்தால் நீ குழந்தை. முடியவில்லை என்றால் காசு கொடு. உள்ளே எல்லாம் நின்று பார்க்கிற படிகள்தான். முன்னால் நிற்கிற ஆள் மறைக்காமல் இருக்க, அவர் அப்பா மில் மரத்தில் ஒரு சின்ன முக்காலி செய்து கொடுத்திருந்தாராம். அதைக் கையில் எடுத்துக்கொண்டே வருவாராம். அந்த முக்காலி இன்னும் அவர் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகிற பஸ்ஸில் உன் அம்மா நம் இருவருக்கும் அரை டிக்கெட் கேட்பார். கண்டக்டர் நம்மை எழுந்து நிற்கச் சொல்லி உயரம் பார்ப்பார். நீ முழங்காலை மடக்கி நிற்பாய். பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் அந்தப் படிகளின் முடிவு துயரமானது, சேகர். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதில் இளையவனுக்கு வயது 10. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றது. இருக்கை போட்டதைக் காரணம் காட்டி விலையை ஏற்றத் தேவையில்லை என்ற எண்ணமும் அந்த அறிக்கையில் இருந்தது. இருக்கை வந்தது, அந்த எண்ணத்தை யாரும் காதில் வாங்கவில்லை. 1992-இல் உச்ச நிலை கிளப்புகளுக்கான பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு பெரிய கிளப்புகளில் விலை ஏறிக்கொண்டே போனது.

ரசிகர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவித்தபோது, ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம்தான் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. 2024-இல் டாட்டன்ஹாம் கிளப், இனிமேல் 65 வயதாகிறவர்களுக்கு மூத்தோர் சலுகை கிடையாது என்று அறிவித்தது. அதே வருஷக் கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் சீசன் நடுவில் மீதி டிக்கெட்டுகளை 66 பவுண்டு ஆக்கியது. அதில் பிள்ளைகளுக்கும் சலுகை இல்லை, வயதானவர்களுக்கும் இல்லை. ஆடுகளத்தில் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்துவிட்டு, அந்தக் குறையை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் இருக்கையில் ஈடுகட்டப் பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. கிளப்புகள் டிக்கெட் விலை பற்றி ரசிகர்களைக் கலந்துபேச வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் ரசிகர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம். அந்த ஆகஸ்ட் 1 விஷயத்தை அங்கே எழுப்பப்போகிறேன். ஒரே பள்ளி வகுப்பில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே விலை என்று வைத்தால் போதும், பிரச்சினை தீர்ந்துவிடும். ஏழு நாள் கெடுவும் மாற வேண்டும். பெரியவர் என் பக்கம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், முழுச் சான்றிதழ் தபாலில் வந்தது, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று அவளுக்கு அந்த இருக்கையில் முதல் ஆட்டம். பிள்ளை அட்டையைக் காட்டினால் கதவுக்கு மேல் வேறு நிறத்தில் விளக்கு எரியும், அங்கே நிற்கிற ஊழியர் ஆளைப் பார்த்துவிட்டு விடுவார். எனக்குப் பச்சை எரிந்தது. நான் உள்ளே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் அட்டையை வைத்தாள், ஆரஞ்சு எரிந்தது. மஞ்சள் கோட்டுப் போட்டிருந்த ஊழியர் குனிந்து பார்த்து, "முதல் தடவையா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று கம்பியைத் தள்ளினாள். அது கனமாக இருந்தது போல, அசையவில்லை. அவர் கைகொடுத்துத் தள்ளிவிட்டார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, டிரா. இடைவேளையில் பெரியவர் அவளுக்குத் தன் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். அடுத்த ஆட்டத்துக்கு அந்த முக்காலியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். உள்ளே விடமாட்டார்கள், அதனால் வாசலில் வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. இவள் பதிலுக்கு, நம் மில் டீம் போட்டோவைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். உன் அப்பா கோல்கீப்பர் உடையில் நடுவில் உட்கார்ந்திருக்கிற படம். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததே, அது இன்னும் இருந்தால் கண்ணாடி மினுங்காமல் போனில் எடுத்து அனுப்பு. அடுத்த ஆட்டம் 6-ஆம் தேதி.

அன்புடன்,
சுப்பு