காலரைப் பார்த்து மயங்காதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்றுப் போனில் அந்தப் பச்சைக் கம்பளிக் கோட்டைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னாய். 1950களில் தைத்ததாம், காலரைப் பார்த்தாலே தெரிகிறதாம். உன் வயதில் நானும் காலரைப் பார்த்துத்தான் ஒரு பழைய கோட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முதுகெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. அந்துப்பூச்சி. தெரிந்த பிறகும் மனசு வராமல் அலமாரியில் மாட்டி வைத்தேன். கூட இருந்த இரண்டு ஸ்வெட்டரும் சேர்ந்து போயின. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய உடுப்பைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பு. முதலில் அக்குளைப் பார். வருஷக்கணக்காக வியர்வை ஊறிய இடம் அது. மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கும்போதே அங்கே இழை இற்றுப் போயிருக்கும். இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக இழுத்துப் பார். தையல் விட்டுக்கொடுத்தால் பரவாயில்லை, கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். துணியே விட்டுக்கொடுத்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. இற்ற துணியில் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் புதுக் கிழிசல்தான். பொத்தான், கொக்கி, எலாஸ்டிக், லைனிங் எல்லாம் மாற்றக்கூடியவை. அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேள். துணியை யாராலும் மாற்ற முடியாது.

பட்டு என்றால் இன்னும் கவனம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்டுவதற்காக அதை உலோக உப்புகளில் ஊறவைத்தார்கள். அந்தப் பட்டு உட்கார்ந்த இடத்தில் நீளநீளமாக வெடித்துவிடும். உடுத்தாமல் மடித்து வைத்தாலும் மடிப்போடு கீறும். பார்த்து ரசி, வாங்காதே.

சரி, 1950கள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதே. உள்ளே எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் லேபிள் தைத்திருக்கிறதா பார். அமெரிக்காவில் அது 1972இல்தான் கட்டாயமானது. அங்கே தைத்த கோட்டில் அந்த லேபிள் இருந்தால் 1950கள் என்ற பேச்சைச் சந்தேகப்படு. பிரிட்டனில் தைத்ததென்றால் சிசி41 என்ற முத்திரை கண்ணில் படலாம். போர்க்காலச் சிக்கனத்துக்காக 1941இல் வந்தது, 1952இல் போனது. பாவாடையிலோ கவுனிலோ நைலான் சுருள் ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1960களுக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் பழைய ஜிப் கெட்டுப்போய் யாரோ புதுசு வைத்திருக்கலாம், ஆகவே ஜிப்பைச் சுற்றியுள்ள தையலில் பழைய ஊசித் துளைகள் தெரிகிறதா என்று பார். நீ ஜீன்ஸ் பக்கமும் போவாய் என்று எனக்குத் தெரியும். லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் தைத்த சின்னச் சிவப்புப் பட்டியில், கம்பெனி பெயர் 1971 வரை எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில் (LEVI'S) இருக்கும். அதைப் பார்த்ததும் துள்ளாதே, அதே கம்பெனி பழைய மாதிரியைத் திரும்பத் தைத்து விற்கும்போது அந்தப் பெரிய எழுத்தையும் சேர்த்தே போடுகிறது.

லேபிளில் உள்ள சைஸ் எண்ணை மறந்துவிடு. அன்றைய 14 இன்றைய 14 இல்லை, அதைவிடச் சின்னது. உனக்கு நன்றாகப் பொருந்துகிற கோட்டு ஒன்றைத் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் நான்கையும் அளந்து எழுதி வைத்துக்கொள். கடைக்கு டேப்பும் அந்தச் சீட்டும் போதும். இடுப்பு அரை அங்குலம் பிடித்தால், உள்ளே தையலுக்கு விட்ட துணி மிச்சம் இருக்கிறதா பார், இருந்தால் பிரித்து விடலாம். தோள் சரியில்லை என்றால் தொடாதே. கையைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து, கடைசியில் கோட்டையே புதிதாகத் தைப்பது மாதிரி ஆகும். எனக்கு இப்போது அதற்குக் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை.

முகர்ந்தும் பார், வெட்கப்படாதே. சிகரெட் நாற்றம் காற்றாட விட்டால் மெல்லப் போகும். பூஞ்சை நாற்றம் லேசில் போகாது.

எப்படியும் நீ வாங்கத்தான் போகிறாய். வாங்கினால் அலமாரிக்குக் கொண்டுபோகாதே. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. அந்துப்பூச்சி முட்டை இருந்தாலும் செத்துப் போகும். பிறகு வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடு.

வாங்குவதற்கு முன் எனக்குப் படம் அனுப்பு. காலர் வேண்டாம், அது அழகாகத்தான் இருக்கும். அக்குளின் உள்பக்கம், முதுகு வெளிச்சத்துக்கு எதிரே, கை ஓரம். மூன்று படம் போதும்.

அன்புடன்,
அம்மா