மான் எந்தப் பக்கம் பார்க்கிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போலிப் பொருட்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் வழக்கு நிற்காது என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. பட்டுத் தெரிந்தவள் சொல்கிறேன்.

திருகோணமலையில் கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறேன். பக்கெட்டில் அம்மாவின் பெயர், சிவப்புக் கரை, கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று. ஒருநாள் சந்தைக் கடையில் இன்னொரு பக்கெட் தொங்கியது. அதே சிவப்பு. பெயரில் ஓர் எழுத்து வேறு, மான் மறுபக்கம் பார்த்தது. கடைக்காரரைக் கேட்டேன். "உங்கட தூள் எண்டுதானே எடுத்தனான்" என்றார்.

அந்தப் பதிலே நல்ல சாட்சி என்றார் சட்டத்தரணி. நீதிமன்றம் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவதில்லையாம். போன மாதம் வாங்கியதை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு வருகிற சாதாரண ஆள் ஏமாறுவாரா என்றுதான் பார்க்குமாம். "மான் போட்ட தூள் வாங்கி வா" என்று அனுப்பிய பிள்ளை மானின் முகத்தையா பார்க்கும்?

அப்புறம் இரண்டு கேள்வி. பெயரையும் படத்தையும் வர்த்தகக் குறியாகப் பதிந்தீர்களா? இல்லை. மானைக் கீறியது யார்? அக்காவின் மகன். சரி, படத்தின் பதிப்புரிமை அவனுடையது, அவன் எழுதிக் கையெழுத்திட்டால்தான் உங்களுக்கு வரும் என்றார். பதிந்திருந்தால் குறி 10 வருடம் நம்முடையது, பிறகும் புதுப்பிக்கலாம். பதியாதவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் அடுத்தவர் பொருள் என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்க 'நியாயமற்ற போட்டி' என்று ஒரு வழி இருக்கிறது. அங்கே நம் பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பை நாமே காட்ட வேண்டும்.

இவ்வளவு கேட்டும் நான் வழக்குப் போடவில்லை. கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். வழக்கு முடியும்வரை அந்தப் பக்கெட்டை விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் இரவு ரயில் ஏற, தூள் விற்ற காசு காணாது.

மற்ற மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இப்படியான வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. திருகோணமலையிலும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. அடுத்த முறை அதைப் பற்றி எழுதுங்கள்.

பெறாமகன் மானை எனக்கு எழுதித் தந்துவிட்டான். கூலியாக இரண்டு கிலோ தூள் கேட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.