ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்எம்எல் பட்டன்கள் வேலை செய்யாதது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறேன். நெட்வொர்க்கில் ஓடும் உங்கள் ஐபி டெஸ்க் போன்களை எக்ஸ்எம்எல் வசதிக்காகத்தான், அதாவது எங்கள் சர்வர் அனுப்பும் பட்டியலையும் பட்டன்களையும் போன் திரையில் காட்டும் வசதிக்காகத்தான் வாங்கினேன். வெறுமனே பேச மட்டும் என்றால் பாதி விலைக்கு வேறு போன் கிடைத்திருக்கும்.

இது எப்படி ஓடும் என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸ்கீப்பிங் போனில் ‘அறை’ பட்டனை அமுக்கினால் எங்கள் சர்வரிலிருந்து எக்ஸ்எம்எல் வரும், சுத்தம் செய்ய வேண்டிய அறைகள் திரையில் தெரியும், கீழே ‘முடிந்தது’ என்று சாஃப்ட்கீ, அதாவது திரையில் பெயர் தெரியும் பட்டன் இருக்கும். ஃபர்ம்வேருக்கு, அதாவது போனுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கு, அப்டேட் போட்டதிலிருந்து பட்டியல் வருகிறது, சாஃப்ட்கீயைக் காணோம். ரிசப்ஷனிலிருந்து கிச்சன் போன் திரைக்கு நேராக அனுப்பும் காபி ஆர்டரோ 401, அதாவது ‘அனுமதி இல்லை’ என்று திரும்பி வருகிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு எதையும் மாற்றவில்லை. அப்டேட் ஆகாமல் பீரோவில் கிடந்த ஒரு போனில் இதே ஃபைல் ஜோராக ஓடுகிறது. அப்புறம் எப்படி, உங்கள் சர்வீஸ் ஆட்கள் சொல்வது போல, ‘உங்க கோடிங் தப்பு’ ஆகும்?

உங்கள் ஆட்களில் ஒருவர் மட்டும், எங்கள் சர்வர் அனுப்பும் ஃபைலின் வகை (கன்டென்ட் டைப்) டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்று குறிக்கப்பட்டுப் போகிறதா என விவரமாகக் கேட்டார். போகிறது என்றேன். மறுநாள் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ்! யார் தீர்த்தது?

இன்னொருவர் சொன்னதை மறக்க முடியவில்லை. “போன் வாங்கினா பேசுங்க சார், எதுக்கு இந்த வேலையெல்லாம்?” அந்த அழைப்பு பதிவாகியிருக்கும், தயவுசெய்து நீங்களே கேளுங்கள்.

இதற்கு நடுவில் போனைத் தூக்கிக்கொண்டு சென்னை சர்வீஸ் சென்டருக்கு வேறு போனேன். இரவெல்லாம் பஸ். கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அடாப்டர் இல்லாமல் வாங்க முடியாது என்றார். பிஓஇ போன் சார், நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் வரும், நீங்கள் அடாப்டரே கொடுக்கவில்லை என்றேன். “ஃபாரத்துல அடாப்டர்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பணும்” என்றார். சொந்தத் தயாரிப்பையே தெரியாதவர்களை எதற்கு அங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்?

நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்புகிறவர்கள் விடியற்காலையில் காபி வராமல் கத்துகிறார்கள். இந்த சீசனே போச்சு, லாட்ஜ் பெயரும் நாறிவிட்டது.

பழைய ஃபர்ம்வேரையாவது கொடுங்கள், அல்லது சரிசெய்த புதியதைக் கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால் போன்களை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் பதில் எழுத்தில் வேண்டும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவனும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அதுவரை இழுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மறுபடி ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லி மட்டும் யாரும் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
லாட்ஜ் உரிமையாளர், கும்பகோணம்