கோட்டைப் பாதைச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

போலந்தில் உள்ள நம் கஜிமியெஷ் டோல்னி ஊரின் பங்கு ஆலயத்தின் பக்கம் தொடங்கிக் கோட்டைக்கு ஏறும் பாதையில், சாய்ந்திருந்த தடுப்புச் சுவரின் திருப்பணி நல்லபடியாக நிறைவேறியது. ஒரு கோடையில் முடித்துவிடுவோம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லியிருந்தோம். இரண்டு கோடை ஆகிவிட்டது. பொறுத்துக்கொண்ட உங்களுக்குக் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் குன்றுகள் லோயஸ் என்னும், காற்று கொண்டுவந்து படிந்த நுண்மண்ணால் ஆனவை. காய்ந்தால் செங்குத்தாக நிற்கும். நீர் புகுந்தால் மாவாகக் கரையும். ஊருக்கு வெளியே மர வேர்கள் அந்தரத்தில் தொங்கும் பள்ளப் பாதையை உண்டாக்கியதும் இந்த மண்தான். முன்பு எப்போதோ பழுது பார்த்தவர்கள் சுவரின் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்துவிட்டார்கள். மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தை ஏடு ஏடாக உரித்துவிட்டது. அந்தச் சிமென்டை உளியால் கொத்தி எடுக்கவே முதல் கோடை போய்விட்டது. இப்போது கட்டியிருப்பது சுண்ணாம்புச் சாந்தில். சுவருக்குப் பின்னால் சரளைக்கல் நிரப்பி, அடியில் வடிதுளைகள் விட்டிருக்கிறோம்.

வெளியூர்க் கல் மலிவாகக் கிடைக்குமே என்று சிலர் கேட்டீர்கள். குழு அதற்கு இசையவில்லை. ஓபோகா என்று நாம் சொல்லும் வெளிறிய சுண்ணாம்புக் கல்தான் இந்த ஊர். விஸ்துலா ஆற்றில் தானியம் ஏற்றி கடான்ஸ்க் துறைமுகம் வரை அனுப்பிச் சம்பாதித்த காலத்தில், ஆற்றங்கரைக் களஞ்சியங்களை இந்தக் கல்லில்தான் எழுப்பினார்கள். சந்தைச் சதுக்கத்தில் பிஷிபிவா சகோதரர்கள் கட்டிய இரட்டை வீடுகள் 1615-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தங்கள் பெயர்கொண்ட புனிதர்களான நிக்கோலாஸையும் கிறிஸ்டோபரையும் முகப்பில் புடைப்புச் சிற்பங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். 1656-இல் சுவீடன் படை ஊரைக் கொளுத்தியது. தானிய வணிகமும் பிறகு நொடித்தது. இரண்டாம் உலகப் போரில் இடிந்தவற்றைக் கட்டடக் கலைஞர் கரோல் ஷிச்சின்ஸ்கி இதே கல்லைக்கொண்டு மீட்டெழுப்பினார். நாம் மட்டும் வேறு கல் வைப்பதா?

இரண்டாவது கோடையில் வேலை சில வாரங்கள் நின்றதும் ஒரு கல்லால்தான். கீழ் வரிசையிலிருந்து கொத்தனார் பெயர்த்த ஒரு துண்டைத் திருப்பியபோது, அடிப்பக்கத்தில் பாதி உடைந்த மெழுகுவர்த்தித் தண்டும் மூன்று எபிரேய எழுத்துகளும் தெரிந்தன. மெழுகுவர்த்தி யூதப் பெண்களின் கல்லறையில் செதுக்கும் அடையாளம்; அது ஒரு பெண்ணின் கல்லறைக் கல். கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டார். போருக்கு முன் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள். 1942-இல் நாஜி ஜெர்மானியர் அவர்களைக் கொலை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பெயர்த்து ஜெர்மானியர் தளம் பாவினார்கள். மீட்ட கற்களைக்கொண்டு 1984-இல் செர்னியாவி யூத இடுகாட்டில் எழுப்பிய நினைவுச் சுவரின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு பிளவு விடப்பட்டிருக்கிறது. நமக்குக் கிடைத்த துண்டை, விவரம் அறிந்தவர்களைக் கேட்டு, அந்த இடுகாட்டிலேயே சேர்த்துவிட்டோம். மீதிக் கற்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகே சுவரில் வைத்தோம். தாமதத்துக்கு இதுவும் காரணம். இதற்காக நாங்கள் வருந்தவில்லை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து குழு அறையில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். சாந்து முழுதாக இறுக முதல் பனிக்காலம் கடக்க வேண்டும். அதுவரை சுவரின்மேல் யாரும் உட்கார வேண்டாம், வடிதுளைகளில் இலைச்சருகு அடைத்திருந்தால் கண்டவர்கள் அகற்றிவிடவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு