மெஷினோடு ஒரு பக்கம் தமிழும் கொடுங்கள்: பிரிண்டர் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண், பில், நீங்கள் கேட்ட போட்டோக்கள் எல்லாம் உங்களிடம் இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. “பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது” என்று போன வாரம் நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிக்குத்தான் இந்த மடல்.

அந்த வரி சரிதான். பிரிண்டரில் சூடாகி அச்சடிக்கிற பாகமான ஹெட்டில் கீறல் இருக்கிறது, கீறியதும் எங்கள் கடையில்தான். புது ஹெட்டுக்கு, மெஷின் விலையில் ஏறக்குறையப் பாதியை, கட்டியும் விட்டோம். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: விற்கிற ஒவ்வொரு தெர்மல் பிரிண்டரோடும், ஹெட்டை எப்படித் துடைப்பது என்று தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள்.

இங்கே கோவை கணபதியில் எங்களுக்கு வருகிற வேலையில் பாதி, பம்ப்செட் கம்பெனிகளின் எச்சரிக்கை லேபிள்தான். வெள்ளை வினைல் ஸ்டிக்கரில், ஹெட்டின் சூட்டில் மை உருகி ஒட்டுகிற சிவப்பு ரெசின் ரிப்பன். “எர்த் கம்பி இணைக்காமல் மோட்டாரை இயக்கக் கூடாது” என்று ஓரத்தில் நீளமாக ஒரு வரி. கீறல் விழுந்த அன்று அது இப்படி வந்தது: “எரத கமபி இணைககாமல மோடடாரை இயககக கூடாது”. வரியின் தலைக்கு மேலே முடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, ரோல் தீரும் வரை. ‘பி’யின் மேல்விலங்கையும் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஹெட்டில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 சூட்டுப் புள்ளிகள். அதில் பக்கத்துப் பக்கத்தில் நாலு செத்தால் போதும். ஆங்கில எழுத்தென்றால் மெல்லிய கோடு விழுந்தும் படித்துவிடலாம். தமிழில் உங்கள் ஹெட்டில் நாலு புள்ளி போனால் எங்கள் வரியில் எல்லாப் புள்ளியும் போகிறது.

மறுநாள் காலை 600 லேபிள் கொடுக்க வேண்டும். ஹெட் ஸ்டாக்கில் இல்லை, வர மூன்று வாரமாகும் என்றீர்கள். வேறு வழி? நுனி மெல்லிய சிவப்பு மார்க்கர் மூன்று வாங்கி, நான், என் மனைவி, மெஷின் ஓட்டுகிற பெண் மூவரும் உட்கார்ந்து கையால் புள்ளி வைத்தோம். லேபிளுக்கு 8 வீதம் 4,800 புள்ளி. முடிக்கும்போது பால் வண்டி வந்துவிட்டது. கை நடுக்கத்தில் சில புள்ளி கமா மாதிரி இருந்தது. எண்ணெய் பட்டாலும் எளிதில் அழியாது என்றுதான் எல்லோரும் ரெசின் ரிப்பன் கேட்கிறார்கள். மார்க்கர் மைக்கு அந்தத் தெம்பு ஏது? பிட்டர் ஒருவர் கைபட்ட முதல் லேபிளிலேயே புள்ளிகள் இழுவிவிட்டன. மொத்தமும் திரும்பி வந்தது.

மெஷின் ஓட்டுகிற அந்தப் பெண் பத்தாவது வரை படித்தவள். வேலையில் படு சுத்தம். ரிப்பன் வினைலைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் ஹெட்டுக்குப் பாதுகாப்பு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரிசம அகலத்தில் ஓட்டியதில் ஓரத்துப் பசை ஹெட்டில் ஏறிக் கருகியிருந்தது. மிச்சமிருந்த சானிடைசரால் துடைத்திருக்கிறாள், போகவில்லை. வினைல் வெட்டுகிற பிளேடு கையிலேயே இருந்தது. அதால் சுரண்டியதில் பிளேடு ஓரத்தோடு நிற்கவில்லை. “மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்கோங்கண்ணா” என்று அழுதபடி நின்றவளிடம் நான் என்ன சொல்ல? தெரியாமல் செய்தவள் அழுகிறாள். தெரிந்தும் சொல்லாதவர்கள் ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறீர்கள்.

சொல்ல வேண்டியது அப்படியென்ன பெரிய விஷயமா? தொழிலில் பழுத்த ஒருவர் டீக்கடையில் நின்றபடியே எனக்குச் சொல்லிவிட்டார். ரிப்பன் மாற்றும்போதெல்லாம் துடைக்க வேண்டும். மெஷினை அணைத்து, ஹெட் ஆறிய பிறகு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பிசிறு விடாத துணியால் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, ஆகாது. நகப்பூச்சு அழிக்கிற திரவம் ரப்பர் ரோலரைக் கெடுக்கும். இரும்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. அச்சு வெளுத்தால் உடனே சூட்டைக் கூட்டாமல், முதலில் ஹெட்டையும் ரோலரையும் துடைத்துப் பார்க்க வேண்டும். வினைல் ரோலைப் பிரிக்கும்போதே நிலைமின்சாரத்தில் தூசியை இழுக்கும்; எங்களைப் போல பக்கத்தில் லேத் பட்டறை இருந்தால் ரோலை மூடியே வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு பக்கம்கூட வேண்டாம்.

உங்கள் கையேடு தடிமனானது, ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. விற்க வந்த அன்று கொடுத்த நோட்டீஸ் மட்டும் வழவழத் தாளில் அருமையான தமிழ். ஒரு புள்ளி பிசகவில்லை! பணம் வாங்கும்வரை தமிழ் தெரிகிறது. புகார் சொல்லப் போன் செய்தால் இந்திக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. மெஷினை இறக்க வந்த பையனோ டெஸ்ட் பிரிண்ட் ஒன்று எடுத்து, கையெழுத்து வாங்கி, டீகூடக் குடிக்காமல் ஓடினான். அவனுக்கு அன்றைக்கு இன்னும் நாலு இடமாம். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லி இந்த மாதம் மட்டும் மூன்று முறை அழைத்துவிட்டீர்கள். எதைப் பராமரிக்க, மார்க்கரையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அடித்து மெஷினோடு கொடுங்கள். இறக்க வருகிறவர் அரைமணி நேரம் நின்று, மெஷினைத் தொடப்போகிறவர் கையாலேயே ஒருமுறை துடைக்க வைத்துவிட்டுப் போகட்டும். முதலாளிக்குக் காட்டிப் பயனில்லை.

எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். மெஷின் மூடியின் உள்பக்கம் ஒட்டுகிற அளவில், வெள்ளை வினைலில், முதல் 100 ஸ்டிக்கர் எங்கள் செலவு. புது ஹெட் வந்து மாட்டியாயிற்று. புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக விழுகின்றன.

பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு ஸ்டிக்கர் கடைக்காரன்,
கணபதி, கோவை